மலையிடுக்கில் நடைபாதை: வேலைக் குறிப்புகள்

ஜனவரி 10, கொழும்பு

கித்துல்கலப் பக்கம் களனி கங்கையில் சேரும் ஓயாக்களில் (சிற்றாறுகளில்) ஒன்று குடைந்த இடுக்கு. அதில்தான் நடைபாதை போடப் போகிறோம். பாதை முடியும்வரை அதன் பெயரை எழுதமாட்டோம். பெயர் வெளியே போனால் ஆட்கள் முந்திக்கொண்டு வந்து நேர்குத்தாக ஏறி இறங்குவார்கள். அந்தத் தடங்களை மூடுவதே பெரிய வேலையாகிவிடும்.

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். இடுக்கு முழுவதும் ஒரு பென்சில் கோட்டுக்குள் மறைந்துவிடும். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்பதற்கு மட்டுமே அது உதவும்.

ஒதுக்குக் காட்டில் அனுமதியில்லாமல் வெட்டுவது 1907ஆம் ஆண்டுக் காடுகள் கட்டளைச் சட்டப்படி குற்றம். பத்தரமுல்லையிலுள்ள வனத் திணைக்களத்திலிருந்து அனுமதிக் கடிதம் வரும்வரை மண்வெட்டி வண்டியில் ஏறாது.

ஜனவரி 24

ஓயாவில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். ஆனால் ஒடுங்கிய இடத்தில் தலைக்கு மேலே கிளைகளில் சருகும் பொலித்தீனும் சிக்கிக் கிடக்கின்றன. அதற்குக் கீழே பாறையில் பாசியே இல்லை. அதுதான் வெள்ளக் கோடு. பாதை அதிலிருந்து 2 மீட்டராவது மேலே போக வேண்டும். கடப்பது ஒரே இடத்தில், ஓயா அகன்று பரவும் இடத்தில். மார்ச், ஏப்ரலில் மேலே மலையில் பின்னேர மழை கொட்டும்போது இங்கே வெயிலாக இருக்கலாம். தண்ணீர் மட்டும் வந்து சேரும்.

அட்டைக்கு நீளக் காலுறை போதும்.

பெப்ரவரி 7

சரிவு பார்க்கும் நாள். ஏற வேண்டிய உயரம் 60 மீட்டர். 10 சதவீதச் சரிவில் போனால் 600 மீட்டர் நீளம் வேண்டும். இடுக்குச் சுவரைச் சுற்றிப் போனால் கிடைக்கிறது.

கைப்பேசிச் செயலியை நம்பியவர்கள் பாகையையும் சதவீதத்தையும் குழப்பிவிட்டார்கள். 10 பாகை என்றால் கிட்டத்தட்ட 18 சதவீதம். மழையில் அது பாதையல்ல, வாய்க்கால். 10 சதவீதத்துக்கு 6 பாகைக்குச் சற்றுக் குறைவு. ஒளி புகும் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பதே நிச்சயம்: கிடையாக 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்வு. குழாய்க்குள் காற்றுக் குமிழி நின்றால் அளவு பொய்யாகும். ஒவ்வொரு தடவையும் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து மட்டம் சரியா என்று பாருங்கள்.

பாதையின் சரிவு மலைச்சரிவின் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தண்ணீர் குறுக்கே இறங்காமல் பாதை வழியே ஓடும்.

பெப்ரவரி 21

அனுமதித்த 30 மீட்டர் மாதிரித் துண்டு. முதலில் இலைமக்கை முழுவதும் வழித்து, கீழே உள்ள கெட்டி மண்ணைக் காண வேண்டும். மக்கின் மேல் போட்ட பாதை சேறாகிவிடும். அகலம் 75 சென்டிமீட்டர், முழுவதும் வெட்டிய தரையில். பாதி வெட்டி, வெட்டிய மண்ணை வெளியே கொட்டி அகலமாக்கினால் அந்தப் பாதி முதல் மழையோடு போய்விடும். வெளிவிளிம்பு உள்விளிம்பைவிட 4 சென்டிமீட்டர் தாழ்வு. அலவாங்கு (கடப்பாரை) கல்லுக்கு மட்டும், வேரில் போடவேண்டாம்.

15 மீட்டருக்கு ஒரு தாழ்வு, அதையடுத்து 3 மீட்டர் எதிர் ஏற்றம். ஓடி வரும் தண்ணீர் அங்கே நின்று வெளியே விழும்.

மார்ச் 7

இரண்டு நாள் மழைக்குப் பின் பார்த்தோம். முதல் தாழ்வு நன்றாக வேலை செய்கிறது. இரண்டாவது வண்டலால் நிரம்பிவிட்டது: வெளிவாயை ஓரடி அகலத்தில் விட்டிருந்தார்கள், விளிம்பில் மண்வரம்பும் மிஞ்சியிருந்தது. வரம்பை வெட்டி, வாயை 1 மீட்டருக்கு மேல் அகட்டியாயிற்று. அடுத்த மழைக்குப் பிறகுதான் 31ஆவது மீட்டருக்கு அனுமதி கேட்போம்.