பிரவுனியும் அத்தையின் பிரஷரும்

இலங்கை மலையகத்துத் தலவாக்கலையின் டிசம்பர் குளிரில் பட்டர் கல்லாக இறுகிவிடும். அதை அடித்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இல்லை. கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிமேல் கிண்ணத்தை வைத்து, 115 கிராம் பட்டர், 200 கிராம் சீனி, 60 கிராம் கொக்கோத் தூள் எல்லாவற்றையும் ஒன்றாகவே உருக்கிவிடுவேன். கொஞ்சம் ஆறியதும் இரண்டு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, கடைசியில் 60 கிராம் கோதுமை மா. பேக்கிங் பவுடர் கிடையாது. மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அது போட்ட கேக் சட்டென்று பொங்கி நடுவில் அமுங்கிப் போகும். பிரவுனி பொங்கவே வேண்டாம், அதுதான் நமக்கு வசதி. ஓரம் இறுகி, நடு இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும்போதே ஓவனிலிருந்து எடுத்துவிடுவேன்.

"கொக்கோ பிரஷருக்கு நல்லதாமே புள்ள, வட்ஸ்அப்ல வந்துச்சு" என்று சொல்லி அத்தை மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டினார்.

செய்தி முழுப் பொய்யும் இல்லை. கொக்கோவில் உள்ள ஃபிளேவனால்கள் என்ற தாவரப் பொருட்கள் இரத்தக் குழாய் விரிய உதவுகின்றன. ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் என்ற அளவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் கறுகறுவென்று கேக்குக்கு அழகு தரும் தூள் பெரும்பாலும் காரப்பொருள் (அல்கலி) சேர்த்துப் பதப்படுத்தியது. அந்தப் பதப்படுத்தலிலேயே ஃபிளேவனால் பெருமளவு போய்விடுகிறது. 60 வயதைத் தாண்டிய 21,000-க்கும் மேற்பட்டோரை வைத்து அமெரிக்காவில் நடந்த காஸ்மோஸ் ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. தினமும் 500 மில்லிகிராம் ஃபிளேவனால் கொடுத்தும், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் மொத்த எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை. அதுவும் அவர்கள் விழுங்கியது மாத்திரை. பட்டரும் சீனியும் குழைத்த பிரவுனி இல்லை.

சீனிக் கணக்கு இன்னும் மோசம். தட்டை 16 துண்டாக வெட்டினால் ஒன்றில் 12.5 கிராம். ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தை தேத்தண்ணிக்குப் போடுவது தனி.

அந்தத் தேத்தண்ணியிலும் ஒரு சங்கதி உண்டு. தேயிலை, கொக்கோ இரண்டுமே கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். தோட்டத்துப் பெண்களில் பலருக்கு இரத்தச்சோகை இருக்கும்போது, சோறு சாப்பிட்ட கையோடு இரண்டையும் எடுப்பது சரியில்லை.

ஆகவே அத்தைக்கு இப்போது ஒரு துண்டுதான், பின்னேரம் நாலு மணிக்கு, சீனி போடாத பிளேன்டீயோடு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சாப்பிடுகிறார். பிரஷர் மாத்திரையைக் காலையில் நானே எடுத்துக் கொடுக்கிறேன்.