கவர்ஸ்லிப்பைக் காய விடாதீர்கள்

பெங்களூரு லேப்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு: குரோமாட்டின் (உட்கருவில் புரதத்தோடு சுற்றிக் கிடக்கும் டி.என்.ஏ.) படம் பெரும்பாலும் மைக்ராஸ்கோப்புக்கு வருமுன்னே கெட்டுப்போகிறது.

செல்லை 4% பாராஃபார்மால்டிஹைடில் 10 நிமிடம் ஃபிக்ஸ் செய்யுங்கள், அதாவது இருந்த நிலையிலேயே நிலைநிறுத்துங்கள். அதன்பின் கவர்ஸ்லிப் (செல் ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடித் துண்டு) கொஞ்சமும் காயக் கூடாது. காய்ந்தால் உட்கரு அப்பளமாகத் தட்டையாகிவிடும். எந்த குரோமோசோம் ஓரத்தில், எது நடுவில் என்ற கணக்கே தப்பு. கவர்ஸ்லிப் தடிமன் 0.17 மி.மீ. இருக்கட்டும்.

டாப்பி (DAPI) என்ற ஒளிரும் சாயம், ஏ-டி (A-T) கார இணைகள் மிகுந்த டி.என்.ஏ.வில் அதிகம் ஒளிரும். சுண்டெலி செல்லில் பளிச்சென்ற புள்ளிகள் தெரிவது அதனால்தான். சென்ட்ரோமியரை (குரோமோசோமின் இடுப்புப் பகுதி) ஒட்டிய ஹெட்டிரோகுரோமாட்டின், அதாவது நெருக்கமாகச் சுருண்ட குரோமாட்டின், கூடி நிற்கும் இடங்கள் அவை. என்ன அழகு! மனித செல்லில் அவ்வளவு எடுப்பாகத் தெரியாது. சாயம் போதவில்லை என்று மேலும் ஊற்றாதீர்கள், பின்னணிதான் ஏறும்.

சாதாரண கான்ஃபோக்கல் (லேசர் ஒளி மைக்ராஸ்கோப்) பிரித்துக் காட்டுவது சுமார் 200 நானோமீட்டர் வரை. டி.என்.ஏ. புரத உருளையில் சுற்றிய அலகான நியூக்ளியோசோமோ வெறும் 11. எனவே அதில் குரோமாட்டின் இழையைத் தேடாதீர்கள். 2017-ல் குரோம்-ஈ.எம்.டி. (ChromEMT) என்ற, டி.என்.ஏ.வுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் முறையில், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில், மனித செல்லில் தெரிந்தவை 5 முதல் 24 நானோமீட்டர் வரையிலான ஒழுங்கற்ற சங்கிலிகள். பாடப்புத்தகத்தின் சீரான 30 நானோமீட்டர் இழை அங்கே இல்லை.

ஃபோகஸ் நகர்ந்துகொண்டே இருந்தால், ஏசி காற்று நேராக ஸ்டேஜில் படுகிறதா என்று முதலில் பாருங்கள்.