முளைக்காத மகரந்தமும் மூடாத பாட்டிலும்

மகரந்தத்தை ஊட்டக் கரைசல் துளியில் இட்டு, அதிலிருந்து குழல் கிளம்பி முளைக்கிறதா என்று ஆய்வகங்களில் பார்ப்பார்கள். முளைக்கவில்லை என்றால் பூவின் மேல் பழி போடுவது அங்கே வழக்கம். பூ பழையது, மழையில் நனைந்தது, செடியே நோஞ்சான் என்று காரணம் வரும். சில நாள் அது சரியாகவும் இருக்கும். ஆனால் முதலில் அந்தக் கரைசலில் சேர்க்கிற கால்சியம் நைட்ரேட் பாட்டிலின் மூடியைப் பார்ப்பது நல்லது. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கசிகிற உப்பு அது. கசிந்து கட்டிப்பட்டதைச் சுரண்டி நிறுத்தால், தராசு தண்ணீரையும் சேர்த்துத்தான் காட்டும்.

புரூபேக்கர், குவாக் என்ற ஆய்வாளர்கள் 1963இல் வெளியிட்ட ஊடகமே, அதாவது ஊட்டக் கரைசலின் கலவையே, இன்றும் பலருக்குத் தொடக்கம். 100 மில்லிக்கு சுக்ரோஸ் 10 கிராம், போரிக் அமிலம் 10 மில்லிகிராம், நான்கு நீர் மூலக்கூறுள்ள கால்சியம் நைட்ரேட் 30, ஏழு நீர் மூலக்கூறுள்ள மெக்னீசியம் சல்பேட் 20, பொட்டாசியம் நைட்ரேட் 10 மில்லிகிராம். இவ்வளவு சிறிய எடைகளைத் தினமும் நிறுக்க முடியாது. நூறு மடங்குக் கரைசலாகச் செய்து 1 மில்லி வீதம் சேர்க்கலாம். கால்சியத்தையும் சல்பேட்டையும் மட்டும் அந்தச் செறிவில் ஒரே பாட்டிலில் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து ஜிப்சமாக (கால்சியம் சல்பேட்) அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்து நிற்கும் கரைசலைப் பார்த்தால் எதுவும் குறைந்ததாகத் தெரியாது. பிஎச் (அமில-கார அளவு) நிலைக்கட்டும் என்று பாஸ்பேட் தாங்கலை (பஃபர்) சேர்ப்பதும் இதே வகைத் தவறு; அதுவும் கால்சியத்தைப் படிய வைத்துவிடும்.

ஒரு துளியில் நிறைய மகரந்தம் இருந்தால் முளைக்கிறது, நாலைந்து மகரந்த மணிகளே இருந்தால் முளைப்பதில்லை. இந்தக் கூட்ட விளைவு வெகுகாலம் புதிராக இருந்தது. மணிகளிலிருந்து கசியும் கால்சியமே கூட்டத்துக்கு உதவுகிறது என்று அந்த இருவரும் காட்டினார்கள். 39 குடும்பங்களைச் சேர்ந்த 86 இனங்களில் கால்சியத்தின் தேவையை உறுதி செய்தார்கள். கால்சியம் இல்லாத ஒப்பீட்டுத் துளியில் மகரந்தத்தை அள்ளிக் கொட்டினால் அதுவும் முளைத்துக் காட்டி ஏமாற்றுவது இதனால்தான். தூரிகையை ஒருமுறை தட்டினால் விழுகிற அளவு போதும். மகரந்தப்பைத் துணுக்கு கூடவே விழக் கூடாது. குழாய்த் தண்ணீரோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ ஆகவே ஆகாது. அதில் உள்ள கால்சியமே கணக்கைக் கெடுத்துவிடும்.

குழல் நுனியில் புதுச் சுவராகப் படிவது பெக்டின். அதன் அமிலக் கூறுகளைக் கால்சியம் ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகிறது. குறைந்தால் நுனி வெடித்து உள்ளிருப்பது புகைபோல வெளியேறும். மிகுந்தால் சுவர் விறைத்துக் குழல் கட்டையாக நிற்கும். மெக்னீசியம் துணை நிற்குமே தவிர, கால்சியத்தின் இடத்துக்கு வராது. சுவரில் மட்டுமல்ல, நுனிக்கு உள்ளேயும் கால்சியம் செறிந்து ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது; குழல் எந்தப் பக்கம் நீள வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

வெடிப்புக்கெல்லாம் கால்சியமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரை குறைந்தாலும் தண்ணீர் உள்ளே பாய்ந்து மணி வெடிக்கும். பெரும்பாலும் குழல் கிளம்பும் முன்பே மணிகள் வெடித்தால் சர்க்கரையை 12, 15 சதவீதமாக ஏற்றிப் பார்க்கலாம். குழல் நீண்ட பிறகு நுனி வெடித்தால் கால்சியத்தையும், போரிக் அமிலம் தருகிற போரானையும் சந்தேகிக்கலாம்.

பழக நித்தியகல்யாணி நல்ல பூ. காசித்தும்பை அதைவிட வேகம். சில நிமிடங்களிலேயே குழல் கிளம்பும். புல்லினங்களும் கடுகும் பிடிவாதக்காரர்கள், இந்த ஊடகத்தை அப்படியே ஏற்பதில்லை. மணியின் விட்டத்தைத் தாண்டிய குழலை மட்டும் முளைத்ததாக எண்ண வேண்டும். வெடித்தவற்றை எண்ணி எழுதத் தனி நெடுவரிசை போடாத நோட்டில், கால்சியம் குறைந்த நாளும் பூ கெட்ட நாளும் ஒரே எண்ணாகத்தான் நிற்கும்.