நான் கழுவின கோப்பையும் லாறி றொபின்சன் தூக்கின கோப்பையும்

1987 ஐப்பசியில் மிராபெல் விமான நிலையத்தில் இறங்கும்போது ஐஸ் ஹொக்கி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஹொக்கி என்றால் ஊரில் பள்ளிக்கூட மைதானத்தில், புழுதியில் விளையாடுவது. மொன்றியலில் கோட்-டே-நேஜ் பகுதியில் இரண்டு அறை வீடு, ஆறு பேர் இருந்தோம், யாரோ தெருவில் போட்டுவிட்டுப் போன ஒரு ரீவி. சனிக்கிழமை இரவில் என்ன சனலைத் திருப்பினாலும் கம்போடு வழுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்கள்தான். "தம்பி, உதில பந்து எங்க?" என்று எங்களில் மூத்த அண்ணை கேட்டார். அது பந்து இல்லை, பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டு, மூன்று அங்குல அகலம்தான் என்று தெரிய இரண்டு மாதம் போனது. அந்த ரீவியில் அது தெரிந்ததே இல்லை. ஆட்கள் கையைத் தூக்கினால் கோல் என்று எடுத்துக்கொள்வோம்.

எனக்குக் கிடைத்த வேலை, சென்ற் கத்தறின் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவது. மொன்றியல் கனடியன்ஸ் விளையாடுகிற போறம் அரங்கு அங்கிருந்து நடை தூரம். ஆட்டம் முடிந்ததும் சனம் வந்து குவியும். யார் வென்றது என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. வென்ற இரவில் பியர் கிளாஸ்தான் தட்டுத்தட்டாக வரும், கோழிச் செட்டையில் எலும்பைத் தவிர ஒன்றும் மிஞ்சியிருக்காது. தோற்ற இரவில் பாதி சாப்பிட்டபடி விட்ட கோப்பைகள், இறைச்சிக் குழம்பு கொழுப்பாய் உறைந்து ஒட்டிப்போய், சுடுதண்ணிக்கும் அசையாது. ஆகவே கனடியன்ஸ் வெல்ல வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதற்கும் விளையாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

விளையாட்டைக் காட்டித் தந்தது அங்கே சமைத்த கியூபெக் கிழவர். எனக்கு இருபது பிரெஞ்சுச் சொல் தெரியும், அவருக்கு அதைவிடக் குறைவாக ஆங்கிலம். ஒரு உருளைக்கிழங்கை மேசையில் உருட்டி விட்டார், அது பக். இரண்டு அகப்பையை முன்னே நகர்த்தினார், கோல் போட வருகிறவர்கள். அப்புறம் பெரிய இறைச்சிக் கத்தியைக் குறுக்கே வைத்து, "றொபின்சன்" என்றார். அவ்வளவுதான் பாடம். டிஃபென்ஸ்மன் என்றால் யார் என்று இன்றைக்கும் அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

லாறி றொபின்சன் கனடியன்ஸின் டிஃபென்ஸ்மன், ஒட்டாவாவுக்குக் கிட்ட ஒரு பால் பண்ணையில் வளர்ந்தவர். ஆறடி நாலு அங்குலம், சுருட்டை முடி, மீசை. 1976 இறுதிச் சுற்றில் பிலடெல்பியா ஆட்டக்காரர் ஒருவரை அவர் இடித்த இடியில் போறம் அரங்கின் சுற்றுப் பலகையே உள்ளே நெளிந்து, அதைச் சரிபண்ணும்வரை ஆட்டத்தை நிறுத்தி வைத்தார்களாம். கிழவர் இதைச் சொல்லும்போதெல்லாம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தோளால் ஒரு இடி இடித்துக் காட்டுவார், கடைக்காரர் கத்துவார்.

அவரிடம்தான் பிளஸ் மைனஸ் கணக்கையும் படித்தேன். ஒருவர் ஐஸில் நிற்கும்போது அவருடைய அணி கோல் போட்டால் ஒன்று கூட்டு, வாங்கினால் ஒன்று கழி. ஆள் கூடுதலாக நிற்கிற நேரத்தில் போட்ட கோல் சேராது. 1976-77 பருவத்தில் றொபின்சனுக்கு பிளஸ் 120, அந்தப் பருவம் முழுக்க 80 ஆட்டத்தில் கனடியன்ஸ் தோற்றது எட்டே எட்டு. அவர் விளையாடி முடித்தபோது மொத்தம் பிளஸ் எழுநூறுக்கும் மேல், இன்றுவரை அதை ஒருவரும் தொடவில்லை. நான் இதை வீட்டில் போய்ச் சொல்ல, அண்ணை உடனே ஒரு தாளில் ஆறு பெயரையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார். சமைக்கிற முறை வரும்போது சோறு ஒழுங்காக வந்தால் பிளஸ், அடிப்பிடித்தால் மைனஸ். மாசி முடிய நான் மைனஸ் ஒன்பதில் நின்றேன்.

1989 மே 25 இரவு பியர் கிளாஸும் வரவில்லை, பாதி சாப்பிட்ட கோப்பையும் வரவில்லை, சனமே வரவில்லை. கல்கரி அணி போறத்திலேயே வைத்து 4-2 என்று வென்று, அந்த வருடத்து ஹொக்கி வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கோப்பையைத் தூக்கிவிட்டது. போறத்தில் கனடியன்ஸைத் தோற்கடித்து வேறு அணி கோப்பை தூக்கியது அந்த ஒரு தடவைதான். கிழவர் அடுப்பைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். றொபின்சன் அதற்குப் பிறகு கனடியன்ஸுக்கு விளையாடவில்லை. பதினேழு பருவம், ஆறு கோப்பை, அப்புறம் 38 வயதில் லொஸ் ஏஞ்சல்ஸ் அணி. பனியே இல்லாத ஊருக்கு ஐஸில் விளையாடப் போகிறார் என்று எங்கள் வீட்டில் ஒரே சிரிப்பு. ஆனால் அந்த வயதில் பழகின ஊரை விட்டுப் போகிறவரைப் பார்த்து நாங்கள் ஆறு பேரும் சிரித்தோம் என்பதை இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் கோச் ஆன கதையை நான் பேப்பரில் வாசித்துத்தான் அறிந்தேன். லொஸ் ஏஞ்சல்ஸில் நாலு வருடம் தலைமைக் கோச், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நியூ ஜேர்சியில் உதவிக் கோச். 2000ஆம் ஆண்டு பருவம் முடிய எட்டே ஆட்டம் இருக்கும்போது தலைமைக் கோச்சை நீக்கிவிட்டு இவரிடம் அணியைக் கொடுத்தார்கள். பிலடெல்பியாவோடு ஆடின தொடரில் 3-1 ஆட்டம் என்று பின்தங்கினபோது, சாதுவான மனுசன் என்று பெயரெடுத்தவர், உடைமாற்றும் அறையில் குப்பை வாளியை உதைத்துக் கத்தினாராம். அடுத்த மூன்று ஆட்டமும் வென்றார்கள், அப்புறம் டலஸை வென்று கோப்பையும் எடுத்தார்கள். அந்தக் கடைசி ஆட்டத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போன தன் ஆட்டக்காரர் பேற்றர் சிகோறாவின் ஜேர்சியை மாட்டிக்கொண்டு றொபின்சன் ஐஸில் நின்றார். கோச் ஒருவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் நான் வேறொரு கடையில் சமையல்கட்டு மேற்பார்வையாளர். கையில் பட்டியல், யார் பிந்தினது, யார் வரவில்லை, யாரை அனுப்புவது. ஒரு நாள் நானும் ஒரு வாளியை உதைத்தேன், அது தண்ணி நிறைந்த வாளி, காலில் நகம் போனதுதான் மிச்சம். ஒருவரும் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கவில்லை. எட்டு மாதத்தில் முதலாளியிடம் போய், என்னைத் திரும்பச் சமைக்கவே விடுங்கள் என்று கேட்டேன். சம்பளம் குறைந்தது, மனைவி இரண்டு கிழமை பேசவில்லை.

2002இல் நியூ ஜேர்சிக்காரர் றொபின்சனை நீக்கினார்கள். 2005இல் திரும்பக் கூப்பிட்டார்கள், மார்கழியில் மன அழுத்தம் தாங்கவில்லை என்று தானாகவே விலகிவிட்டார். தலைமைக் கோச்சுக்குப் பக்கத்தில் நின்று டிஃபென்ஸ்மன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் அவருக்கு ஒரு குறையும் வரவில்லை, 2019இல் சென்ற் லூயிஸ் அணி கோப்பை எடுத்தபோதும் ஆலோசகராக ஓரத்தில் நின்றார். 2005இல் அவர் விலகின செய்தி வந்த பேப்பரை நான் மனைவிக்கு முன்னால் மேசையில் விரித்து வைத்தேன். அவள் படத்தைப் பார்த்துவிட்டு, "இவருக்கும் கால் நகம் போச்சுதாமோ?" என்று கேட்டாள்.