மலாக்காவில் பொய்யாத விநாயகர் தரிசனம்

மலேசியாவின் மலாக்காவுக்குப் போகிறவர்கள் டச்சுக்காரர்களின் சிவப்புக் கட்டடங்களையும் போர்ச்சுக்கீசியரின் கோட்டை வாசலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் போனது பொய்யாத விநாயகரைத் தரிசிக்க. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில், பழைய கடைவீடுகளுக்கு நடுவே இருக்கிறது கோயில். வானளாவிய ராஜகோபுரம் கிடையாது. 1781-இல், டச்சு ஆட்சி கொடுத்த நிலத்தில், பழைய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள் எழுப்பிய கோயில் இது.

காலைப் பூஜை நேரம். தீபாராதனையின்போது என் பக்கத்தில் சாரோங், கெபாயா என்ற மலாய் உடை உடுத்திய மூதாட்டி ஒருவர் நின்றிருந்தார். தட்டில் வந்த திருநீற்றை மூன்று விரலால் எடுத்து, நெற்றியில் அழுத்திப் பூசிக்கொண்டார். உதடுகள் முணுமுணுத்தது மலாய் மொழியில். "பாட்டி, இந்த ஊரா?" என்று தமிழில் கேட்டேன். சிரித்தபடி தலையசைத்து, மலாயில் பதில் சொன்னார். செட்டி வம்சம் என்று குருக்கள்தான் எடுத்துச் சொன்னார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றி வந்த வணிகர்கள், பருவக்காற்று திரும்பும்வரை இங்கே தங்கினார்கள். பலர் இங்கேயே பெண்ணெடுத்து ஊன்றிவிட்டார்கள். சுல்தான்கள் காலத்தில் வெவ்வேறு நாட்டு வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள் என்றால் எத்தனை நாட்டுக் கப்பல்கள் வந்திருக்கும்! 1511-இல் போர்ச்சுக்கீசியர், 1641-இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறின. செட்டிகள் பேச்சு மலாயாகிவிட்டது, உடையும் மாறியது. சைவம் மட்டும் போகவில்லை. தாய்மொழியோடு பக்தியும் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் அந்தப் பாட்டியைப் பார்க்க வேண்டும்.

அதே தெருவில் சில அடிகள் நடந்தால் கம்போங் கிளிங் பள்ளிவாசல். 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் மரத்தால் கட்டியது. 1872-இல் செங்கல் கட்டடமானது. குவிமாடம் இல்லை. மூன்றடுக்குக் கூரை, சீனப் பகோடா போன்ற மினார், சுவரில் ஐரோப்பியப் பளிங்கோடுகள். அடுத்து செங் ஹூன் தெங் சீனக் கோயில். அங்கே குவான் யின் அம்மனுக்கு ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டேன்.

மாசி மகத்தையொட்டி வருவது உத்தமம். பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து முருகப்பெருமான் ரதமேறி, செங் பகுதியிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு எழுந்தருளுவார். செட்டிகள் வாழும் காஜா பெராங் பக்கம் 1822-இல் எழுந்த முத்துமாரியம்மன் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். அம்மன் திருவிழாவுக்கு வெளியூர்களில் குடியேறிய செட்டிக் குடும்பங்களும் வந்து சேர்ந்துவிடுகின்றன.