ரசீது கேட்காத காடு

ஜூன் மாதம் அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று நாங்கள் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை, கிளம்ப வேண்டியது வெள்ளிக்கிழமை. பூங்காவுக்குள் இருக்கும் மேதர் கேம்ப்கிரவுண்டுக்கு ஆட்கள் 6 மாதம் முன்பே புக் செய்யக் காத்திருப்பார்கள், நமக்கு எங்கே கிடைக்கும்? பக்கத்து ஊரான டஸாயனில் ஹோட்டல் வாடகையைப் பார்த்துவிட்டு மனைவி பேசாமல் லேப்டாப்பை மூடிவிட்டாள். அப்போதுதான் ஆபீஸ் நண்பர் சொன்னார்: "பார்க் எல்லை தாண்டினா கைபாப் நேஷனல் ஃபாரஸ்ட். மண் ரோட்டுல திரும்பி, ஏற்கெனவே யாராவது தங்கின இடமா பாத்து டென்ட் போடுங்க. காசே கிடையாது."

காசு கிடையாது என்றதும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. தேனிப் பக்கம் வளர்ந்தவன் நான். வனத்துறை அனுமதி இல்லாமல் ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள் கால் வைத்தால் வழக்கு என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததால், காக்கிச் சட்டை போட்ட வனக்காவலரை நினைத்தாலே இன்னும் வயிற்றில் ஏதோ செய்யும்.

அமெரிக்காவில் நேஷனல் பார்க் ஒரு துறை, நேஷனல் ஃபாரஸ்ட் வேறு துறை. பார்க்கில் குறித்த இடத்தைத் தவிர வேறெங்கும் தங்க முடியாது. ஃபாரஸ்ட் விவசாயத் துறையின் கீழ் வருகிறது, மரம் வெட்டு, மாட்டு மேய்ச்சல், வேட்டை எல்லாம் அங்கே நடக்கும், அதனால் கெடுபிடியும் குறைவு. கைபாபில் 30 நாளில் 14 நாள் தங்கலாம். வண்டியில் போகிறவர்கள் ஒன்றை மட்டும் விடக் கூடாது, ரேஞ்சர் ஆபீஸில் இலவசமாகத் தரும் மோட்டார் வாகன வரைபடம். கறுப்பு வெள்ளையில், பார்க்கவே சகிக்காது. ஆனால் எந்த ரோட்டில் வண்டி விடலாம், எந்த ரோட்டோரம் தங்கலாம் என்பதற்கு அதுதான் சட்டம், கூகுள் மேப் இல்லை.

முதல் இரவு தூங்கவில்லை. பான்டரோசா பைன் மரங்கள், பட்டையில் மூக்கை வைத்தால் வெனிலா வாசனை, மேலே பால்வெளி, எல்லாம் இருந்தும் மனைவி, "ஏங்க, யாராவது வந்து எழுப்புவாங்களா?" என்று மணிக்கொரு முறை கேட்டுக்கொண்டிருந்தாள். 11 மணிக்கு ஹெட்லைட் வெளிச்சம் டென்ட் மேல் விழுந்தபோது நான் பர்ஸைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அவரும் எங்களைப் போல இடம் தேடி வந்தவர், "ஸாரி" சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

தண்ணீரில்தான் முதல் அடி வாங்கினோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் (நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு) என்று கணக்குப் போட்டு, இரண்டு பேருக்கு இரண்டு நாளைக்கு, கூட ஒன்று சேர்த்து 5 கேலன் கொண்டு போயிருந்தோம். சாம்பார் அடிப்பிடித்த ஒரே ஒரு பாத்திரம் அதில் ஒரு கேலனை விழுங்கியது. இப்போதெல்லாம் புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்கு என்று வீட்டிலேயே செய்து எடுத்துப் போய்விடுகிறோம். பாத்திரத்தை முதலில் டிஷ்யூவால் வழித்துவிட்டு, பிறகு ஸ்ப்ரே பாட்டிலால் நாலு அடி, அவ்வளவுதான். அங்கே ஏதாவது குட்டை தென்பட்டாலும் பக்கத்தில் டென்ட் போடாதீர்கள், கால் மைல் தள்ளித்தான் தங்க வேண்டும் என்பது அரிசோனா சட்டம். எல்க் என்ற பெரிய மானும் மாடும் தண்ணீர் குடிக்க அதைத்தான் நம்பியிருக்கின்றன, ஆள் இருந்தால் கிட்டே வராது.

அப்புறம் அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி. "ஏப்பா, கக்கூசுக்கு எங்க போவீங்க?"

சிரிக்க வேண்டாம், இதுதான் முக்கியம். தண்ணீர், பாதை, டென்ட் எல்லாவற்றையும் விட்டு 200 அடி, அதாவது எழுபது எண்பது தப்படி தள்ளிப்போய், 6 முதல் 8 அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிந்ததும் மூட வேண்டும். பைன் ஊசிகளை விலக்கிவிட்டுத் தோண்டினால் மூன்றாவது அங்குலத்தில் வேர் தட்டும், நாலாவதில் கல். அவசரத்தில் போய்த் தோண்ட ஆரம்பிக்கக் கூடாது, முந்தின நாள் மாலையே இடம் பார்த்துத் தோண்டி வைத்துவிட வேண்டும், பட்டுத் தெரிந்துகொண்டது. பேப்பரை நாங்கள் ஜிப் கவரில் போட்டுத் திரும்ப எடுத்து வந்துவிடுகிறோம். பேப்பரைக் கல்லுக்கு அடியில் செருகிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும், இவர்களால்தான் நல்ல இடங்களை ஒவ்வொன்றாக மூடுகிறார்கள்.

கேம்ப்ஃபயர் கனவோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்கு முந்தைய ஜூனில் பெரும்பாலும் விறகு, கரி எதற்கும் தடை இருக்கும். திருகி அணைக்கும் கேஸ் அடுப்புக்குப் பொதுவாக அனுமதி உண்டு, கிளம்பும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் மறுபடி போனபோது மதியம் ஒரு மணி நேரம் மழை கொட்டியது, ரோடு களிமண் குழம்பாகி எங்கள் சின்னக் கார் அச்சு வரை இறங்கிவிட்டது. கயிறு கட்டி இழுத்துவிட்டவர், கூரையில் சோலார் தகடு போட்ட டிரெய்லரில் வாழும் ஒரு தாத்தா. ஒரு காட்டில் 14 நாள், அடுத்த காட்டில் 14 நாள், குளிர் வந்தால் குவார்ட்ஸைட் பாலைவனம், இப்படியே காலம் ஓட்டுகிறாராம். கரன்ட், தண்ணீர், கழிவுக் குழாய் எந்த இணைப்பும் இல்லாத இந்த வாழ்க்கைக்கு பூன்டாக்கிங் என்று பெயர், பிலிப்பைன்ஸுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் தகாலோக் மொழியில் மலையைக் குறிக்கும் 'புன்டோக்'கைத் தூக்கிக்கொண்டு வந்ததில் பிறந்த சொல்.

போன முறை காலை வனத்துறை பிக்கப் ஒன்று எங்கள் பக்கமாக வந்து நின்றது. நான் சப்பாத்தித் தட்டோடு எழுந்து நின்றுவிட்டேன். அந்த ரேஞ்சர் அம்மா கண்ணாடியை இறக்கி, தண்ணீர் போதுமான அளவு இருக்கிறதா, விறகு எதுவும் எரிக்கவில்லையே என்று கேட்டார், குப்பைப் பை ஒன்று கொடுத்தார், போய்விட்டார்.

"உக்காருங்க, சப்பாத்தி ஆறுது" என்றாள் மனைவி.