கையை விட்டால் சிலுவை போச்சு

ஜனவரி கடைசி வாரம் வந்துவிட்டால் அயர்லாந்தில் நூலகம், சமூகக் கூடம், யோகா நிலையம் என்று எங்கே பார்த்தாலும் கோரையில் நாலு கை வைத்துப் பிரிஜித் சிலுவை பின்னும் ஒர்க்‌ஷாப்தான். பிப்ரவரி 1 புனித பிரிஜித் திருநாள். 2023 முதல் அதற்கு அரசு விடுமுறையும் உண்டு. வட்டமாக நாற்காலிகள், நடுவே மெழுகுவத்தி, ஓரத்தில் ஒரு வாளி கோரை. நோட்டீஸில் "உங்களுக்குள் உறங்கும் தேவியை மீட்டெடுங்கள்" என்று போட்டிருப்பார்கள். தாராளமாக மீட்கலாம். ஆனால் தேவி எழுந்திருக்கும்வரை கோரை காத்திருக்காது.

பிரிஜித் யார் என்பதிலேயே இரண்டு கட்சி. கில்டேர் என்ற ஊரில் மடத்தை நிறுவி, ஏறத்தாழ 525-இல் இறந்த துறவி என்பது ஒன்று. கவிஞர்கள் வணங்கிய தேவி, அவளுக்கு அதே பெயரில் மருத்துவத்துக்கு ஒரு சகோதரி, கொல்லுவேலைக்கு ஒரு சகோதரி என்று சொல்லும் கோர்மக்கின் பழைய ஐரிஷ் அகராதி இன்னொன்று. அதனால் இந்தப் பக்கம் ஜெபமாலையோடு ஒரு பாட்டி, அந்தப் பக்கம் தோள்வரை பச்சை குத்திய பெண், இருவருமே "பிரிஜித் எங்க ஆளு" என்றபடி ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். சண்டை வராது. இருவருக்கும் இரண்டு கையும் வேலையாக இருக்கும்.

முதலில் கோரை. நம் ஊரில் பாய் நெய்யும் கோரைக்குத் தண்டு முக்கோணம். இதற்கு உருண்டை, உள்ளே வெள்ளையாகப் பஞ்சுச் சோறு. தண்ணீர் வடியாத வயல்களில் தானாக மண்டும், விவசாயிக்குக் களை. கேட்டுவிட்டுப் போய்ப் பிடுங்கினால் "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாலும் சந்தோஷம்" என்பார். வெட்டக் கூடாது, பிடுங்கத்தான் வேண்டும் என்பது பழைய முறை. அதில் லாபமும் இருக்கிறது: அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியோடு முழு நீளம் கிடைக்கும். ஒன்றிரண்டாகப் பிடித்து நேராக மேலே இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். பேராசைப்பட்டு ஒரு கைப்பிடி சேர்த்து இழுப்பவர், கோரை வராமல் தான் மட்டும் பின்னால் போய்ச் சேற்றில் உட்காருவார். ஜனவரிச் சேறு. ரப்பர் பூட்ஸ் முழங்காலுக்குக் கீழேதான் காப்பாற்றும்.

40 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளம், கூடுமானவரை ஒரே பருமன். ஒரு சிலுவைக்கு 29 வேண்டும்: நேராக நிற்க ஒன்று, கைக்கு ஏழாக நாலு கைக்கு 28. உடைவதற்கும் சேர்த்து ஆளுக்கு 40 எடுத்து வையுங்கள். பிடுங்கியதை ஈரத் துணியில் சுற்றி வெளியே வைக்க வேண்டும். ஹீட்டர் பக்கத்தில் ஒரு ராத்திரி இருந்த கோரை, மடித்த இடத்தில் படக்கென்று முறியும். அப்படி முறிவதை "எதிர்மறை சக்தி வெளியேறுகிறது" என்று விளக்குபவர்களும் உண்டு. வெளியேறியது தண்ணீர்தான்.

இனி பின்னல். ஒரு கோரையை நட்டக்குத்தலாகப் பிடியுங்கள். இரண்டாவதை நடுவில் மடித்து, முதல் கோரையின் மத்தியில் மாட்டுங்கள்: மடிப்பு இடப்பக்கம், இரண்டு நுனியும் வலப்பக்கம். சேரும் இடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கவ்விக்கொண்டு, மொத்தத்தையும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் வட்டம் திருப்புங்கள். வலப்பக்கம் இருந்த நுனிகள் இப்போது மேலே நிற்கும். மூன்றாவதை மடித்து, மேலே நிற்பது அத்தனையையும் அணைத்தபடி மாட்டுங்கள். நுனிகள் மறுபடி வலப்பக்கம். நடுவை நோக்கித் தள்ளி, இறுக்கி, கால் வட்டம். கடைசிவரை இவ்வளவுதான். நாலு கோரைக்கு ஒரு சுற்று முடியும். ஏழு சுற்றில் நடுவே கச்சிதமான ஒரு சதுரம் எழும்பியிருக்கும்.

இவ்வளவு எளிதான வேலையில் இவ்வளவு விதமாகத் தப்பு வர முடியுமா என்றால், முடியும். சொல்லித்தருபவருக்கு எதிரே உட்கார்ந்தவருக்கு எல்லாம் இடவலம் மாறித் தெரியும். பாதிப் பேர் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். இடக்கைக்காரர்கள் முதலிலிருந்தே எல்லாவற்றையும் மாற்றிச் செய்யலாம், நுனி இடப்பக்கம், திருப்புவது கடிகாரத் திசை. எதிர்ச்சுழலாக அழகாகவே வரும். நடுவில் கட்சி மாறினால்தான் ஒரு கை கொழுத்து ஒரு கை காணாமல் போகும். "மூணு கைச் சிலுவையும் உண்டாமே" என்று சமாளிக்கப் பார்ப்பார்கள். உண்டு, அதை மாட்டுக் கொட்டகையில் மாட்டுவார்கள். ஆனால் அது மூன்று கோரை மூன்று திசை என்று தனியாகப் பின்னுவது. உங்களுடையது நாலில் ஒன்றைத் தொலைத்தது.

புதுக் கோரை பழையதன் பக்கத்தில் படுக்க வேண்டும். மேலே ஏறினால் நடுவில் திமில் விழும். தளர்த்தினால் ஓட்டை, ரொம்ப இழுத்தால் தோல் பிளக்கும். அடி தடிமன், நுனி மெல்லிசு என்பதால் ஒரு தடவை அடிப்பக்கம் முன்னால் வந்தால் அடுத்த தடவை நுனிப்பக்கம் வரட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கையிலும் ஒரு ஓரம் மட்டும் தடித்துப்போகும்.

எல்லாவற்றுக்கும் மேல், நடுவைக் கவ்விய விரல் அசையக் கூடாது. முதல் இரண்டு சுற்றுக்குள் விட்டால் அத்தனையும் மடியில். இங்கேதான் ஒர்க்‌ஷாப்காரர்களோடு எங்களுக்கு ஒத்துப்போவதில்லை. "ஒவ்வொரு கோரைக்கும் ஒரு வேண்டுதல். கண்ணை மூடி, வலது உள்ளங்கையை நெஞ்சில் வையுங்கள்." எந்தக் கையை எடுப்பது? கண்ணைத் திறக்கும்போது பாதி மேசையில் சிலுவை இல்லை, புல்கட்டுதான் இருக்கும். இன்னும் சிலர் போட்டோ எடுப்பதற்காக ஒரு கையை விடுவார்கள். டீ வந்தால் அடுத்த சுற்று ஆட்கள் காலி. நடுவில் ஒரு துணி கிளிப் மாட்டிவிட்டு எதை வேண்டுமானாலும் செய்யலாம். அதை மட்டும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

பழைய வழக்கத்தில் சடங்கு இதைவிடக் கூடுதல். ஜனவரி 31 அந்தி நேரத்தில் ஒருவர் கோரைக்கட்டோடு வெளியே போய், கதவைத் தட்டி, "முழங்காலிடுங்கள், கண்ணைத் திறங்கள், பிரிஜித்தை உள்ளே விடுங்கள்" என்பார். உள்ளே இருப்பவர்கள் வரவேற்றுக் கதவைத் திறப்பார்கள். கோரை மேசைக்கடியில் போகும். வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு மேசைமேல் வரும். சாப்பிட்டு முடித்த பிறகே பின்னல். சடங்கு, சோறு, வேலை என்ற வரிசையில் யாருடைய சிலுவையும் அவிழாது. கவனியுங்கள், அவர்கள் கண்ணைத் திறக்கத்தான் சொன்னார்கள்.

சாகக் கிடந்த குலத்தலைவனுக்குப் பக்கத்தில் பிரிஜித் தரையில் கிடந்த கோரையை எடுத்துச் சிலுவை பின்னிக் காட்டினாள் என்ற கதையை இடையே மெல்லிய குரலில் சொல்வார்கள். ஏழாம் நூற்றாண்டில் கோகிடோசஸ் என்ற துறவி எழுதிய பிரிஜித்தின் வாழ்க்கை வரலாற்றில், நனைந்த மேலங்கியை வெயிற்கதிரில் காயப்போட்ட அற்புதம் உண்டு, கோரைச் சிலுவை கிடையாது. கதை நல்ல கதைதான். கதவு தட்டும் நேரத்தில் சொல்லுங்கள்.

மெழுகுவத்தி விஷயம் தனி. பிரிஜித்தின் பெயரில் முன்பு அணையாமல் காத்த நெருப்பை 1993-இல் கில்டேரில் மறுபடி ஏற்றினார்கள், அதனால் மேசையில் தீபம் இல்லாமல் நிகழ்ச்சி இல்லை. சிலுவையை மாட்டுவதோ வீட்டில் தீப்பிடிக்காமல் இருக்க! கோரையை உரித்து, உள்சோற்றைக் கொழுப்பில் தோய்த்து விளக்காக எரித்த ஊர் இது. பச்சைக் கோரை சட்டென்று பற்றாது. காட்டுவதற்காகப் பையில் கொண்டுவந்த போன வருடச் சிலுவை பற்றும்.

முடிக்கும்போது நாலு கை நுனியையும் ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். உடனே கத்தரிக்க வேண்டாம். காயக் காயக் கோரை சுருங்கி நடு தளரும். இரண்டு மூன்று நாள் விட்டு, நுனிகளை ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கி, நூலால் கட்டி, கட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி வெட்டுங்கள். வெட்டிவிட்டால் இழுக்கப் பிடி இருக்காது. பச்சை மங்கிப் பழுப்பாகும், அது கெட்டுப்போவதில்லை. பழையதைக் கூரைக்கட்டையில் விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியதைச் செருகுவார்கள். எண்ணினால் வீட்டின் வயது தெரியும் என்று பேச்சு. வாடகை ஃபிளாட்டில் வாசற்படிக்கு மேல் ஒட்டும் கொக்கி ஒன்று போதும். காய்ந்த பிறகு கனமே இருக்காது, ஆணி அடித்து அட்வான்ஸை இழக்க வேண்டியதில்லை.